ஆள் கணக்கு

கறுப்புத் திரையில் ஒரு டாலர் குறி,
பக்கத்தில் கண்சிமிட்டும் கட்டம்.
ஓட்டு என்கிற கட்டளையைத் தட்டினேன்.
எட்டாயிரத்து எண்பதாம் கதவில்
காத்திருக்கிறேன் என்றது.

வருவதற்குத்தான் ஆளில்லை.
இந்த லேப்டாப்பிலேயே வீடு, இதிலேயே தெரு.
தட்டுவதும் நான், திறப்பதும் நான்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள்.
நெட் இல்லாத சர்வரையும்
சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் வசந்தா லாட்ஜ்.
போர்டில் வங்காளம் பெரிதாக, தமிழ் சின்னதாக.
முப்பத்தாறு அறை.
இந்த நோட்டைத் தலைமுழுகணும்,
கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு என்றார்
முதலாளி சம்பங்கி.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை ராத்திரியில் கக்க,
ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து
பொய் ஆட்களைக் குடிவைத்துச் சோதிக்கிறேன்.

பெயரே இல்லாத ஒருவர்.
முந்நூறு எழுத்துப் பெயரோடு ஒருவர்.
வருவதற்கு முந்தின நாளே காலி செய்கிறவர்.
வயது கழித்தல் நான்கு.
ஒரே சாவிக்கு ஒரே நொடியில் கைநீட்டும் இருவர்.
இந்தக் கிறுக்கர்களையெல்லாம் நானே பெற்று
நானே துரத்தினேன்.
நிஜமும் கொஞ்சம் கலக்கட்டுமே என்று
நோட்டின் கடைசிப் பக்கத்தையும் ஏற்றிவைத்தேன்.
ஒரு கட்டளைக்கு அத்தனை அறையும் நிரம்பும்.
இன்னொன்றுக்குப் பாயைச் சுருட்டினாற்போல் காலி.
யாரும் வெந்நீர் கேட்பதில்லை.

"இன்னாம்மா, ஓடுதா?" என்றார் வாட்ச்மேன் ஏழுமலை.
"ஓடுது."
"எங்க ஓடுது? இங்கியேதான கீது."

நாற்பத்திரண்டு சோதனை.
நாற்பத்திரண்டும் பச்சை.
பச்சையைப் பார்த்தால் எனக்குப் பசி வந்துவிடும்.
பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

மூன்றரை மணிக்கு
இருநூற்று நான்கின் சாவி மேஜைமேல் வந்து கிடந்தது.
நிமாய் மண்டல்.
ஒரு தோளில் கறுப்புப் பை,
மறு தோளில் பூப்போட்ட பை.
கையில், சிவப்புத் துணியால் வாய் கட்டிய
சின்ன மண்கலயம்.
காட்பாடியில் ஐந்து மணிக்கு ரயில்.

பொய் ஆட்களைத் தாண்டி அவரைத் தேடியெடுத்தேன்.
வந்தவர் இரண்டு.
போகிறவர்? என்று கேட்டது கட்டம்.
ஒன்று.

சிவப்பு.
ஆள் கணக்கு பொருந்தவில்லை, திருத்தவும்.

அந்த வரியை எழுதியவள் நான்தான்.
செவ்வாய்க்கிழமை, டீ ஆறுவதற்குள்.
வந்தவரும் போகிறவரும் சமம்:
இதைவிட நேரான விதி ஏது என்று
அன்று கொஞ்சம் கர்வம்கூட.

அவருக்குத் தமிழ் படிக்க வராது.
சிவப்பு தெரியும்.
"பைசா?" என்று சட்டைப்பையைத் தொட்டார்.
இல்லை இல்லை என்று தலையாட்டி
பழைய நோட்டை இழுத்தேன்.

கையெழுத்து வாங்கும்போதுதான் பார்த்தேன்.
சில வரிகளின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
வ 2, போ 1.
முன்பக்கம் புரட்டினேன். வ 3, போ 2.
அதற்கும் முன்னால்,
மூன்று விதமான கையெழுத்தில், ஒரே புள்ளி.
ஏற்றும்போது
மை சிந்தியதென்று விட்டிருக்கிறேன்.

ஏழுமலை பூப்போட்ட பையை வாங்கிக்கொண்டு
ஆட்டோ வரை போனார்.
கலயத்தை அவர் கேட்கவில்லை,
இவரும் தரவில்லை.

நாற்பத்து மூன்றாவது சோதனை எழுத உட்கார்ந்தேன்.
வந்தவர் இரண்டு. போகிறவர் ஒன்று.
எதிர்பார்ப்பது: சரி.
அந்தச் 'சரி'யில் விரல் நின்றுவிட்டது.
வேறு சொல் ஏதும்
இந்த மொழியில் எழுத முடியாது.
சரி, அல்லது தவறு.

"ஓடுதாம்மா?"
திரும்பி வந்த ஏழுமலை கேட்டார்.

நிறுத்தி வெச்சிருக்கேன் என்றேன்.